'டூபியா' என்றால் சந்தேகக் கன்றா?

கேள்வி: குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் படுகைக் கொல்லையில் நடுவதற்காக, தனியார் நாற்றுப்பண்ணை ஒன்றில் 300 மலைவேம்புக் கன்றுகள் வாங்கினேன். ரசீதில் 'மீலியா டூபியா' என்று போட்டிருக்கிறார்கள். லத்தீனில் 'டூபியா' என்றால் 'சந்தேகத்துக்குரியது' என்று பொருளாம். கல்லூரியில் படிக்கும் மகன் சொல்கிறான். கன்றுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– விவசாயி, பாபநாசம் வட்டம்

பதில்: மகன் சொன்ன பொருள் சரிதான். ஆனால் அது 1789-இல் ஸ்பெயின் நாட்டுத் தாவரவியலாளர் கவனில்லெஸ் இந்த மரத்துக்கு இட்ட அடைமொழியே தவிர, உங்கள் கன்றுகளின் தரத்தைப் பற்றிய குறிப்பு அன்று. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் நிலைநிறுத்திய முறைப்படி, தாவரப் பெயரின் முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் அதற்குள் அடங்கும் இனத்தையும் காட்டும். அகத்திக்குரிய 'கிராண்டிஃப்ளோரா' பெரிய பூவையும், கீழாநெல்லிக்குரிய 'அமாரஸ்' கசப்பையும் சொல்வதுபோலப் பல அடைமொழிகள் செடியை வருணிக்கும். எனினும், முறைப்படி இட்ட பெயரைப் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மாற்றுவதில்லை. புளிய மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. அதன் பெயரோ இன்றளவும் இந்தியாவுக்குரியது என்று பொருள்படும் 'டமரிண்டஸ் இண்டிகா'தான்.

உண்மையில் நீங்கள் அஞ்சும் அந்தச் சொல்லே உங்களுக்குப் பாதுகாப்பு. 'மீலியா அசடராக்' என்னும் வேறொரு மரத்தையும் நம்மவர்கள் மலைவேம்பு என்றே அழைப்பதால், தமிழ்ப் பெயர் மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு எது விற்கப்பட்டது என்று நிறுவ முடியாது. டூபியாவின் காய் நீள்வட்டமாகப் பெரிதாக இருக்கும். அசடராக்கின் காய் சிறிய உருண்டை. கன்றுப் பருவத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. சாதாரண வேம்பு கலந்திருந்தால் மட்டும் நீங்களே கண்டுகொள்ளலாம்: வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும், மலைவேம்பிலோ அந்தக் காம்பே மீண்டும் கிளைத்து, அக்கிளைகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். இலை முற்றிய கன்றுகளில் பத்துப் பதினைந்தை எடுத்து இப்படிப் பார்த்துவிடுங்கள்.

பிற்பாடு வேறு மரம் என்று தெரியவந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே, இந்தப் பெயருக்காகக் கன்றுகளைத் திருப்ப வேண்டியதில்லை. மை இல்லாமல் வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான தாள் ரசீதாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடக்கூடும். 'டூபியா' என்ற சொல்லும் தேதியும் தெளிவாகத் தெரியும்படி இன்றே நகல் எடுத்து வையுங்கள்.