குளியலறைப் புதுப்பிப்பு: முதலில் விளக்கு, அப்புறம் கண்ணாடி

மறுவிற்பனையில் வாங்கிய நால்வறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு குளியலறைகளையும் உடைத்துச் செய்கிறோம், எல்இடி கண்ணாடி வாங்கலாமா, எந்த உயரத்தில் மாட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காண்ட்ராக்டர் "கண்ணாடியெல்லாம் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருப்பார், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதை மட்டும் கேட்காதீர்கள். கண்ணாடி எங்கே, எவ்வளவு பெரியது, அதற்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், இந்த மூன்றும் ஓடு ஒட்டுவதற்கு முன்னாலேயே முடிவாகிவிட வேண்டும். விளக்குக்கான கம்பி ஓட்டுக்குப் பின்னால் போக வேண்டிய நேரம் அதுதான். பிறகு நினைத்துக்கொண்டால் புத்தம்புது ஓட்டின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் குறுக்கே ஓடும், தினமும் பல் தேய்க்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சரி, விளக்கில் இருந்தே தொடங்குகிறேன். வெளிச்சம் நன்றாக இருந்தால் சாதாரணக் கண்ணாடியே போதும். வெளிச்சம் சரியில்லை என்றால் ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய கண்ணாடியிலும் கண்ணுக்குக் கீழே கருவளையம்தான் தெரியும். நம் வீவக குளியலறையில் வழக்கமாக என்ன இருக்கும்? கூரை நடுவில் ஒரே ஒரு விளக்கு. நீங்கள் பேசின் முன் நிற்கும்போது அது உங்கள் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே எரியும். உங்கள் நிழல் உங்கள் முகத்திலேயே விழும். தாடைக்குக் கீழே ஷேவ் செய்பவருக்கும் மை இடுபவருக்கும் இது தெரியும். மற்றவர்கள் "இன்றைக்கு ஏன் இவ்வளவு சோர்ந்து தெரிகிறோம்" என்று யோசித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளிச்சம் முகத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும், ஏறக்குறைய கண் உயரத்தில் வரவேண்டும். அழகு நிலையங்களில் கண்ணாடியின் இரு ஓரமும் விளக்கு வைப்பது அதற்காகத்தான்.

எல்இடி கண்ணாடி கேட்டீர்களே, அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வெளிச்சம் கண்ணாடியின் முன்பக்கம் உறைபனிபோல வெள்ளையாகத் தேய்த்த பட்டை வழியாக உங்கள் முகத்துக்கு வரும். இன்னொன்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சுவரில் விழுந்து சுற்றிலும் ஒளிவட்டம் மாதிரி காட்டும். கடையில் இரண்டாவது வகைதான் ரொம்ப அழகாக இருக்கும், அதைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். அதன் வெளிச்சம் முதலில் சுவரில் பட்டுத்தான் உங்களிடம் வருகிறது, இப்போது எல்லாரும் ஒட்டுகிற அடர் சாம்பல் நிற மேட் ஓடாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் ஓடே விழுங்கிவிடும். படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும், முகம் பார்க்க உதவாது. எல்இடி கண்ணாடிதான் வேண்டும் என்றால் முன்பக்கம் பட்டை உள்ளதாக, அதுவும் இடம் வலம் இரண்டு பக்கமும் பட்டை உள்ளதாகப் பாருங்கள். மேலே மட்டும் பட்டை இருந்தால் பழையபடி நிழல்தான்.

என்னைக் கேட்டால் கண்ணாடி தனி, விளக்கு தனி. எல்இடி கண்ணாடியில் விளக்குப் பட்டையோ அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற பெட்டியோ போய்விட்டால், பின்பக்கத்தைத் திறந்து மாற்றுகிற மாதிரி செய்திருந்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் நல்ல கண்ணாடியையும் சேர்த்துக் கீழே இறக்கிப் போடவேண்டும். தொட்டால் எரிகிற பொத்தானும் எனக்குப் பிடிக்காது. ஈரக் கையால் தொட்டால் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. கண்ணாடி நடுவில் எப்போதும் ஒரு விரல் ரேகை. அப்படியே வாங்கினாலும் கதவுக்கு வெளியே இருக்கும் சுவிட்சைப் போட்டதும் தானாக எரிகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். சிலவற்றில் சுவிட்சைப் போட்டபிறகு கண்ணாடியையும் ஒருமுறை தொட வேண்டியிருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வரும் அப்பாவுக்கு அது தெரியாது.

விளக்கின் நிறம் 4000 கெல்வின் வாங்குங்கள். நம் ஊரில் பலர் வீட்டில் மாட்டியிருக்கும் 6500 கெல்வின் வெள்ளையில் முகம் நீலம் பாய்ந்து தெரியும், 3000-இல் மஞ்சள் பூசினது போல இருக்கும். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது 90-க்கு மேல் இருந்தால் குங்குமத்தின் சிவப்பும் புடவையின் நிறமும் வெளியே பகலில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். நீர் தெறிக்கும் இடம் என்பதால் விளக்கில் ஐபி44 என்றாவது எழுதியிருக்க வேண்டும், தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான குறி அது. இணைப்பு கொடுப்பது உரிமம் பெற்ற மின்பணியாளராக இருக்கட்டும், ஓடு ஒட்ட வந்த தம்பி "நானே போட்டுத் தர்றேன் அண்ணே" என்பார், வேண்டாம். வீடு 1985 ஜூலைக்கு முன் கட்டியதென்றால் மின்பெட்டியில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளிலும் அதைப் பொருத்தக் கொடுத்த கெடு 2025 ஜூலை 1-உடன் முடிந்துவிட்டது, முந்தைய உரிமையாளர் செய்தாரா இல்லையா என்பது வேறு விஷயம்.

அடுத்து உயரம். இதற்கு ஐடி, அதாவது வீட்டு உள்ளலங்கார வடிவமைப்பாளர், சொல்லும் "ஸ்டாண்டர்ட்" அளவை நம்பாமல் வீட்டில் உள்ளவர்களை வைத்து முடிவு செய்யுங்கள். பழைய தமிழ் முரசுத் தாள் இரண்டை ஒன்றாக ஒட்டி, பேசின் வரப்போகும் இடத்துக்கு மேலே சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். வீட்டில் ஒவ்வொருவராக நிற்கவைத்துக் கண் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. எங்கள் வீட்டில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் தாராளமாகப் போனது; அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் வட்டக் கண்ணாடி கேட்டுக்கொண்டிருந்த மகள் அமைதியானாள்.

கணக்கு எளிதுதான். சமதளக் கண்ணாடியில் உங்கள் உடம்பில் எவ்வளவு நீளம் தெரியவேண்டுமோ அதில் பாதி நீளக் கண்ணாடி போதும், தள்ளி நின்றாலும் கிட்டே நின்றாலும் இது மாறாது. பின்னால் போனால் இன்னும் கொஞ்சம் தெரியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், செங்குத்தாக மாட்டிய கண்ணாடியில் அப்படி நடக்காது. 178 செ.மீ. உயரமுள்ளவரின் கண் சுமார் 167-இல் இருக்கும், அவர் உச்சந்தலையைப் பார்க்க கண்ணாடி 173 வரை போகவேண்டும், தலை சீவ வசதியாக 180 என்று வைத்துக்கொள்ளலாம். 150 செ.மீ. உயரமுள்ள அம்மாவுக்குக் கண் 139 அளவில், அவர் 110 வரை, அதாவது கழுத்துச் சங்கிலி வரை பார்க்க வேண்டுமானால் கண்ணாடியின் அடி 124-க்குக் கீழே இறங்க வேண்டும். பேசின் விளிம்பு வழக்கமாக 80 முதல் 85, அதற்கு மேல் குழாய், குழாய்க்கு மேல் தெறிக்கிற தண்ணீருக்கு 5 செ.மீ.யாவது இடைவெளி. ஆக 110-இலிருந்து 180 வரை, 70 செ.மீ. உயரக் கண்ணாடி இருந்தால் இருவரும் குனியவும் வேண்டாம், எட்டியும் பார்க்க வேண்டாம். 60 செ.மீ. வட்டக் கண்ணாடியில் நடுப்பகுதி ஒருவருக்கு மட்டும்தான் சரியாக அமையும். இதையெல்லாம் ஓடு போட்டு முடித்த தரை மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு ஒட்டுகிறார்கள் என்றால் தரை ஒன்றரை செ.மீ.யாவது ஏறிவிடும்.

அகலம் பேசினை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், பக்கத்தில் விளக்குக்கு இடம் வேண்டும். முடிந்தால் கண்ணாடியின் ஓரம் ஓட்டின் இடைக்கோட்டில் வந்து உட்காருகிற மாதிரி ஓட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை செ.மீ. தள்ளி இருந்தால் கண்ணை உறுத்தும்.

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதாவது மிரர் கேபினட், நம் வீட்டுக்கு உண்மையிலேயே உபயோகம், ஷாம்பு முதல் தேங்காய் எண்ணெய் பாட்டில் வரை எல்லாம் உள்ளே போய்விடும். அதன் ஆழம் 12 முதல் 15 செ.மீ. வரும் என்பதை மறக்காதீர்கள். சின்ன பேசினுக்கு மேல் அதை மாட்டினால் முகம் கழுவக் குனியும்போது நெற்றி கதவில் இடிக்கும். கதவு திறந்தால் ஹீட்டர் குழாயிலோ ஜன்னலிலோ இடிக்குமா என்றும் பாருங்கள். அட்டை மாதிரி அழுத்திச் செய்த பலகை உப்பிவிடும், அலுமினியமோ எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீலோ வாங்குங்கள், கீல் உட்பட. சுவருக்குள் குடைந்து பதிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தச் சுவருக்குள் என்ன குழாய் போகிறது என்று முதலில் கேளுங்கள். கட்டமைப்புச் சுவர் என்றால் தொடவே முடியாது.

இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடி கெடுவது கீழ் ஓரத்தில் இருந்துதான். தெறித்த தண்ணீர் வழிந்து அங்கே தங்கும், ஓரம் வழியாகப் பின்பக்கம் ஏறி ரசத்தை அரிக்கும், கறுப்புக் கறுப்பாகப் படரும். அதனால் கண்ணாடியை ஓட்டுத் திண்டின் மேல் உட்கார வைக்காதீர்கள், சுவரில் இருந்தும் சில மில்லிமீட்டர் தள்ளியே நிற்கட்டும், பின்னால் காற்று போகவேண்டும். 5 மி.மீ. கனம், ஓரம் மெருகேற்றியது, செம்பு இல்லாத வெள்ளி ரசம் என்று கேட்டு வாங்குங்கள். 60-க்கு 80 செ.மீ. என்றால் எடை 6 கிலோ வரும், கொக்கி நல்லதாக இருக்க வேண்டும். சிலிக்கான் போட்டு ஒட்டுகிறார்கள் என்றால் டியூபைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள், வினிகர் நெடி அடித்தால் அது வேண்டாம். அந்த அமிலமே ரசத்தைத் தின்றுவிடும், 'நியூட்ரல்' என்று போட்ட டியூப் வேண்டும். அதையும் சுற்றிலும் அடைக்காமல் செங்குத்துக் கோடுகளாகப் போடச் சொல்லுங்கள், உள்ளே போன ஈரம் வழிந்து இறங்க வழி இருக்கும்.

ஆவி படியாமல் இருக்கப் பின்னால் சூடாகும் தகடு வைத்த கண்ணாடிக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். ஜன்னல் இருக்கும் வீவக குளியலறைக்கு அது தேவையில்லை. குளிர் நாட்டில் கண்ணாடி எப்போதும் சில்லென்று இருக்கும், அங்கே அது வேண்டும். நமக்குச் சுடுநீரில் நீண்ட நேரம் குளித்தால்தான் ஆவி படியும், ஜன்னலைத் திறந்தால் போய்விடும். ஜன்னலே இல்லாத கொண்டோ குளியலறை என்றால் யோசிக்கலாம்.

வாஸ்துப்படி வடக்கிலோ கிழக்கிலோ மாட்டவேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள், காண்ட்ராக்டர் சீனராக இருந்தால் கண்ணாடி கதவைப் பார்க்கக்கூடாது என்று அவரும் ஒன்று சொல்வார். பேசின் எங்கே என்பதைக் குழாய் முடிவு செய்துவிட்டது, கண்ணாடி பேசினுக்கு மேல்தான். கதவு விஷயத்தில் மட்டும் சீனர் சொல்வதில் ஒரு காரியம் இருக்கிறது. பழைய வீடுகளில் பொதுக் குளியலறை சமையலறையில் திறக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாருங்கள், கண்ணாடி வரும் இடத்தில் ஒருவரை நிற்கவைத்து கைபேசியின் கறுப்புத் திரையைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் டாய்லெட் குழி தெரிந்தால், கண்ணாடியை ஒரு சாண் நகர்த்துங்கள், அல்லது அகலத்தைக் குறையுங்கள்.

வாங்குவதற்கு ஜாலான் புசாரையும் பாலஸ்டியரையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், முன்னது பேசின், குழாய், கண்ணாடிக்கு, பின்னது விளக்குக்கு. சொன்ன அளவுக்கு வெட்டித் தரும் கண்ணாடிக் கடையில் விலை கேட்டுவிட்டு அப்புறம் ஆன்லைனில் பாருங்கள். துடைக்கும்போது தெளிப்பானைத் துணியில் அடியுங்கள், கண்ணாடியில் அடித்தால் அது வழிந்து ஓரத்துக்குத்தான் போகும், அமோனியா கலந்தது வேண்டவே வேண்டாம். ஒட்டும் பொட்டு வைப்பவர்கள் வீட்டில் இருந்தால் கண்ணாடியின் வலது மூலையில் ஒரு பொட்டுக் கூட்டம் எப்படியும் சேரும், அந்தப் பசையைப் பிளேடால் சுரண்டாமல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும்.