ஸ்டொக் பைல் பாதியா நிக்கிறதும் கணக்கு பிழைக்கிறதும்

நீங்க சொல்றபடி கல்முனைக் கடையில ரெண்டு கம்ப்யூட்டரும் ஷெயார் போல்டர்ல இருக்கிற ஒரே ஜேசன் பைலத்தான் (ஸ்டொக் விபரம் எழுத்தா இருக்கிற பைல்) பைதன் ஸ்கிரிப்டால எழுதுது, இடைக்கிட பைல் பாதியோட நிக்குது, வித்த அரிசியும் கணக்குல குறையாம கிடக்கு. இது ரெண்டும் வேற வேற பிரச்சினை.

எழுத ஓபன் பண்ணின உடனயே பழைய பைல் வெறுமையாகிரும், எழுதி முடிய முதல் மற்றக் கம்ப்யூட்டர் வாசிச்சாலோ கரண்ட் போனாலோ அவ்வளவுதான். அதே போல்டருக்குள்ள வேற பேர்ல முழுசா எழுதி, எஃப்சிங்க் பண்ணிட்டு (எழுதினத டிஸ்க்ல உறுதியா பதிய வைக்கிறது), பைதன்ட ஓஎஸ் மொடியூல்ல இருக்கிற ரிப்ளேஸால பழைய பைல்ட பேருக்கு மாத்துங்க. விண்டோஸ்ல மற்றக் கம்ப்யூட்டர் அந்த பைல திறந்து வெச்சிருந்தா எரர் வரும், கொஞ்சம் பொறுத்து ரிப்ளேஸத் திரும்பக் குடுங்க.

ஆனா கணக்குப் பிழை இதால தீராது. ரெண்டும் 40 மூட்டை எண்டு வாசிச்சு, ஒண்டு 3 கழிச்சு 37 எண்டு எழுத, மற்றது 5 கழிச்சு 35 எண்டு மேல எழுதினா முதல் வியாபாரமே காணாமப் போகுது, சரியா வாறது 32. வாசிக்க முதலே லொக் (ஒரு நேரத்துல ஒண்டு மட்டும் பைலத் தொடுற பூட்டு) எடுத்து எழுதி முடிஞ்ச பிறகுதான் விடோணும், ரெண்டு ஸ்கிரிப்டும் அப்படிச் செய்யோணும்.

எனக்கெண்டா ஒரு கம்ப்யூட்டர்ல மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸ் சேர்வரப் போட்டு, ரெண்டும் அதோட பேசுறதுதான் நல்லம். ஒரே பைலா இருக்கிற எஸ்கியூலைட் டேட்டாபேஸ மட்டும் ஷெயார் போல்டர்ல வெக்காதீங்க, நெட்வேர்க் ஊடாக லொக்க நம்பேலாது.