சென்சார் வலையமைப்புகளில் அல்ட்ரா வைட்பேண்டுக்கு எதிர்காலம் உண்டா?

கம்பியில்லா சென்சார் வலையமைப்புகளில் அல்ட்ரா வைட்பேண்டுக்கு (மிக அகலமான அலைவரிசையில் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பும் ரேடியோ தொழில்நுட்பம்) சந்தை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் இருக்கும், தரவு அனுப்புவதற்காக அல்ல, தூரத்தை அளப்பதற்காக.

2002-இல் அமெரிக்கா 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இதற்காகத் திறந்துவிட்டபோது பலரும் தரவு வேகத்தின் பின்னால் ஓடினார்கள். அந்தப் போட்டியில் வைஃபை வென்றது. அல்ட்ரா வைட்பேண்டின் உண்மையான பலம் வேறு: சில நானோ விநாடிகளே நீடிக்கும் துடிப்புகள் போய்வரும் நேரத்தைக் கொண்டு, சுமார் 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் எங்கே, சுரங்கத்தில் தொழிலாளி எங்கே என்று அறிய வேண்டிய இடங்களில் இது உயிர்காக்கும் கருவி.

2019-இல் ஐபோன் 11-இலும் பின்னர் கார்ச் சாவிகளிலும் அல்ட்ரா வைட்பேண்ட் சிப் நுழைந்ததால் உற்பத்தி பெருகியது. அதன் பலன் சென்சார்களுக்கும் வந்து சேரும்.

வெப்பநிலையை மட்டும் அனுப்பும் சென்சாருக்கு இதை வாங்காதீர்கள். சிக்னலைப் பெறும்போது பேட்டரியை அதிகம் குடிக்கும். அங்கே புளூடூத்தே போதும்.