திடீரென நோய்ப்படும் வீட்டு ஆடு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

ஹலசூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் எனத் தமிழர்கள் நெருங்கி வாழும் பெங்களூரின் பகுதிகளில், ஓர் ஆட்டையோ இரண்டு ஆடுகளையோ செல்லமாக வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இம்முறை வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை, நேற்றுவரை நன்றாக இருந்த ஆடு இன்று சுருண்டு நிற்கிறது, அதற்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்கின்றன. என்ன கொடுப்பது என்பதற்கு முன்னால் என்ன பார்ப்பது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆடு அசைபோடுகிறதா, புழுக்கையும் சிறுநீரும் வருகின்றனவா, உடல் வெப்பம் எவ்வளவு ஆகிய மூன்றையும் பாருங்கள். மலவாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பானது. மனிதருக்குக் காய்ச்சலாகத் தெரியும் 102 டிகிரி ஆட்டுக்குக் காய்ச்சல் அன்று. இந்த மூன்று விவரங்களோடு மருத்துவரை அழைத்தால், அவர் தொலைபேசியிலேயே பாதி முடிவுக்கு வந்துவிட முடியும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் மிஞ்சிய சாதத்தை எங்கள் ஆடு இரவில் தின்றுவிட்டது. காலையில் இடப்பக்க வயிறு பெருத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள், சமையல் சோடா கொடுக்கச் சொல்கிறார்கள். எது சரி? (வாசகி, மர்ஃபி டவுன்)

பதில்: வயிறு பெருத்திருப்பது ஒன்றுபோலத் தெரிந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள். ஈரமான பசுந்தழையையோ முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைக் கழிவுகளையோ அளவுக்கு மீறித் தின்ற ஆட்டின் இரைப்பையில் வாயு நுரையாகத் தேங்குகிறது. அந்த நுரையை உடைக்கவே எண்ணெய் பயன்படுகிறது. சாதம், மாவு, ரொட்டி, தானியம் ஆகியவற்றைத் தின்ற ஆட்டுக்கு நேர்வது வேறு. நார்த்தீவனத்தைச் செரிக்கப் பழகிய நுண்ணுயிர்களுக்குத் திடீரென மாவுச்சத்து மிகுதியாகக் கிடைக்கும்போது, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, மற்றவற்றை அழித்துவிடுகின்றன. அந்த அமிலம் உடலின் நீரை இரைப்பைக்குள் இழுத்துக்கொள்வதால் ஆடு உள்ளுக்குள் வறண்டுபோய், கண் குழிவிழுந்து, தள்ளாடத் தொடங்குகிறது. இந்த மாற்றங்கள் முழுமையாக வெளித்தெரியப் பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால், தின்றவுடன் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

உங்கள் ஆட்டுக்கு உரியது சமையல் சோடாதான், எண்ணெய் அன்று. இருபது கிலோ எடையுள்ள ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் ஆடு நின்றுகொண்டும், தானாக விழுங்கிக்கொண்டும் இருந்தால் மட்டுமே கொடுக்கலாம். தலையை மேலே தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. தலை இயல்பான உயரத்தில் இருக்க, கடைவாயின் ஓரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை நுழைத்து, சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் விழுங்கியபின் தொடர வேண்டும். இருமினால் உடனே நிறுத்திவிடுங்கள். மூச்சுக்குழலுக்குள் போன மருந்தினால் வரும் நுரையீரல் அழற்சி, வயிற்று நோயைக் காட்டிலும் குணப்படுத்தக் கடினமானது. படுத்துவிட்ட ஆட்டின் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. அதைப் பக்கவாட்டில் சாயவிடாமல், நெஞ்சின் மேல் நிமிர்ந்து படுக்கும்படி இருபுறமும் சாக்குகளை அண்டக் கொடுங்கள். அந்த நிலைக்கு வந்த ஆட்டுக்கு இரத்தக் குழாய் வழியாகத் திரவமும் சோடாவும் ஏற்ற வேண்டியிருக்கும். சில வேளைகளில் இரைப்பையைத் திறந்து சோற்றை வெளியே எடுப்பதுதான் வழியாக இருக்கும். ஹெப்பாளிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதற்கு வண்டி தேடும் நேரத்தையும் கணக்கில் வைத்து, காத்திருக்காமல் புறப்படுங்கள்.

பிழைத்த ஆட்டுக்குச் சில நாட்கள் உலர்ந்த புல்லும் வைக்கோலும் மட்டும் போதும். அளவுக்கு மீறி மாவுச்சத்து தின்ற ஆட்டுக்குத் துள்ளுமாரி நோயும் வரக்கூடும். குடலிலுள்ள கிளாஸ்ட்ரிடியம் நுண்ணுயிர் பெருகி நஞ்சைக் கக்குவதால், கொழுத்த குட்டி வலிப்பு கண்டு சில மணி நேரத்தில் இறந்துவிடும் நோய் அது. வந்தபின் மருந்துக்கு அவகாசம் தருவதில்லை. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் போடும் தடுப்பூசியே காப்பு.

கேள்வி: எங்கள் காயடித்த கிடா காலையிலிருந்து முதுகை வளைத்து முக்கிக்கொண்டே இருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம், பலனில்லை. (வாசகர், லிங்கராஜபுரம்)

பதில்: காயடித்த கிடா முக்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மலச்சிக்கலை அன்று, சிறுநீர் அடைப்பைத்தான். உலர்ந்த தரையில் நிறுத்திவைத்துக் கவனியுங்கள். சொட்டுச் சொட்டாக வருகிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா, குறியைச் சுற்றியுள்ள மயிரில் மணல்போன்ற துகள்கள் ஒட்டியிருக்கின்றனவா, வால் அசைந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். மேலும் நீரை வற்புறுத்திப் புகட்டுவதும், சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுப்பதும், முழுதாக அடைபட்ட சிறுநீர்ப்பையை வெடிக்கச் செய்யும். ஒன்றை மறக்காதீர்கள்: நெடுநேரம் முக்கிய ஆடு திடீரென அமைதியடைந்து, வலி தீர்ந்ததுபோல் நின்றால் மகிழ்ந்துவிட வேண்டாம். சிறுநீர்ப்பை கிழிந்தபின்னும் அப்படித்தான் தோன்றும். அதற்கடுத்து வயிறு இருபுறமும் தொங்கும்.

ஆண் ஆட்டின் குறி நுனியில் புழுவைப் போன்ற மெல்லிய குழல் ஒன்று நீண்டிருக்கும். கல் பெரும்பாலும் அங்கேயோ, உள்ளே எஸ் வடிவில் வளையும் இடத்திலோ சிக்கும். நுனியில் சிக்கியிருந்தால், மருத்துவர் அந்தக் குழலை வெட்டிவிடுவதே போதுமானதாக இருக்கலாம். உள்ளே சிக்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

இந்த நோய் செல்லமாக வளர்க்கும் ஆட்டுக்கே அதிகம் வருவதற்குக் காரணம், நாம் அன்போடு ஊட்டும் தவிடும் சப்பாத்தியும் பிஸ்கட்டுமாகும். தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். எனவே கிடாவுக்குத் தழையும் உலர்புல்லும் முதன்மையாகவும், அடர்தீவனம் கைப்பிடி அளவிலும் இருக்கட்டும். உப்புக்கட்டி கட்டித் தொங்கவிட்டால் தானாக நிறைய நீர் குடிக்கும். மிக இளம் வயதில் காயடித்தால் சிறுநீர்க் குழாய் அகலமாக வளராமல் நின்றுவிடுவதால், மருத்துவரைக் கேட்டு அதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே என் பரிந்துரை.

கேள்வி: ஆட்டுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுக்கலாமா? (வாசகி, ஸ்ரீராமபுரம்)

பதில்: கொடுக்க வேண்டாம். காய்ச்சலை மறைத்துவிட்டால் மருத்துவருக்குக் கிடைக்கும் முதல் தடயம் அழிந்துவிடும். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அம்மருந்து தங்கிய உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்ததே காரணம்.

கேள்வி: சாலை நடுவில் வெட்டிப்போட்ட செடிகளைத் தின்றபின் ஆடு தடுமாறுகிறது. (வாசகர், விவேக்நகர்)

பதில்: சாலைத் தடுப்புகளின் நடுவே வளர்க்கப்படும் அரளி, இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. வெட்டி வாடிய பின்னும் அதன் நஞ்சு குறைவதில்லை. சில இலைகளே ஓர் ஆட்டைக் கொல்லப் போதும். வீட்டு வைத்தியம் எதுவும் இதற்கு இல்லை. ஆட்டை ஓடவோ நடக்கவோ விடாமல் அமைதியாகத் தூக்கிச் செல்லுங்கள், தின்ற செடியின் ஒரு கிளையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மரவள்ளி இலையும் இளஞ்சோளத் தட்டையும் தின்று தடுமாறினால் அது சயனைடு நஞ்சு. அதற்கு நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் நிமிடங்களைக் கணக்கிட்டுச் செலுத்த வேண்டும்.

கேள்வி: பக்ரீத்துக்கு முன் சந்தையில் வாங்கிய ஆட்டைக் குழந்தைகள் விடமாட்டேன் என்கிறார்கள், வளர்க்க முடிவு செய்துவிட்டோம். வந்த ஐந்தாம் நாள் கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் நீர், வாயில் புண், கழிச்சல். பழைய ஆட்டுக்கும் தொற்றுமா? குழந்தைகளுக்கு? (வாசகர், சிவாஜிநகர்)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஆட்டுக்கொல்லி நோயையே முதலில் நினைவூட்டுகின்றன. குழந்தைகளுக்கு இது தொற்றாது. பழைய ஆட்டுக்கு மிக எளிதில் தொற்றும். இருமலிலும் தும்மலிலும் கிருமி பரவுவதால், புதிய ஆட்டை வேறிடத்தில் கட்டி, அதற்கென்று தனி வாளியும் தட்டும் வைத்து, பழைய ஆட்டுக்குத் தீனி போட்ட பின்னரே நோயுற்றதைத் தொடுங்கள். வைரஸை அழிக்கும் மருந்து இல்லை என்றாலும், அதைத் தொடர்ந்து வரும் நுரையீரல் தொற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லியும், கழிச்சலால் இழந்த நீருக்குத் திரவமும், வாய்ப்புண்ணுக்கு மென்மையான கஞ்சியும் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

இந்தியாவில் இந்நோய் முதலில் இனங்காணப்பட்டது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில். அந்த ஊரின் பெயரையே தாங்கிய ‘அரசூர் 87’ தடுப்பூசி விகாரம் (தடுப்பூசிக்கு அடிப்படையான வைரஸ் வகை), தமிழகத்தில் உருவாக்கப்பட்டது. ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காப்புத் தரும் இந்தத் தடுப்பூசி, நான்கு மாதக் குட்டி முதல் போடலாம். 2030க்குள் உலகிலிருந்தே இந்நோயை ஒழிக்க வேண்டும் என்ற இலக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நகரில் வளரும் ஓரிரு ஆடுகள் கணக்கில் விடுபட்டுப்போவது அந்த இலக்குக்கும் தடைதான். உங்கள் பழைய ஆட்டுக்குக் காய்ச்சல் இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்தபின் போட்டுவிடுங்கள். இனிப் புதிதாக வரும் எந்த ஆட்டையும் மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தெரு நாய் ஆட்டின் காலைக் கடித்துவிட்டது. சிறு காயம்தான். (வாசகி, ஹலசூர்)

பதில்: காயத்தின் அளவு இங்கே முக்கியமன்று. கையுறை அணிந்து, ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டாதீர்கள். கடித்த நாளை முதலாகக் கொண்டு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், இரணஜன்னி ஊசியும் உடன் போட வேண்டும். அதன்பின் எப்போதாவது குரல் கம்மிக் கத்தினாலோ, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினாலோ, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட வேண்டாம் எனக் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஆட்டின் எச்சில் உங்கள் காயத்தில் பட்டிருந்தால் நீங்களும் அன்றே மனிதர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆட்டைக் கொண்டுசெல்ல வண்டி இல்லாதவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

கேள்வி: இரவு மழையில் பிறந்த குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது. பாலை வாயில் விட்டாலும் குடிக்கவில்லை. (வாசகர், ஆஸ்டின் டவுன்)

பதில்: பாலை நிறுத்துங்கள். குளிர்ந்துபோன குட்டியின் குடல் இயங்காது. விட்ட பால் தேங்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். உங்கள் விரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள், உள்ளேயும் சில்லென்று இருந்தால் முதல் வேலை சூடேற்றுவதுதான். நன்றாகத் துடைத்து உலர்த்தி, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே அட்டைப் பெட்டியில் வையுங்கள். உடல் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி, தலையைத் தூக்கி விரலைச் சப்பத் தொடங்கிய பிறகே சீம்பால் கொடுங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாள் முழுவதிலுமாக 200 மில்லி சீம்பால், சிறு சிறு பங்காக. ஒரு மணி நேரம் சூடேற்றியும் தலை தூக்காவிட்டால், அதன் இரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கிறது என்று கொள்ளுங்கள். குளுக்கோஸை மருத்துவர் வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்துவார், பெட்டியோடும் வெந்நீர்ப் புட்டிகளோடும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.