நிறம் மாறிய எச்சிவேரியா

கேள்வி: ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் வாங்கிய எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடி, ஜன்னலோரம் வைத்த பிறகு வெறும் பச்சையாகிவிட்டது. இலைகள் விலகி, தண்டும் நீண்டுவிட்டது. உரம் போடலாமா?

பதில்: உரத்தைத் தொடாதீர்கள், தழைச்சத்து கூடினால் இன்னும் பச்சையாகும். உங்கள் செடிக்கு வெளிச்சம் போதவில்லை. அந்த ஊதாவைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. நல்ல வெயிலும் இரவில் கொஞ்சம் குளிரும் இருந்தால் அது கூடும். மெக்சிகோ மலைப்பாறைச் செடியல்லவா!

நீண்ட தண்டு இனி சுருங்காது. தயங்காமல் தலையை, அதாவது மேல் இலைக்கொத்தை, வெட்டுங்கள், கீழே இரண்டு விரல் அகலத் தண்டோடு. வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை சில நாள் நிழலில் கிடக்கட்டும். அப்புறம் பெருமணல் கலந்த மண்ணில் நடுங்கள். மிச்சக் கட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் குட்டிகள் முளைக்கும், எனக்கு என்னவோ தாயைவிட அவைதான் அழகு.

வெயிலுக்கு மெதுவாகப் பழக்குங்கள், முதலில் காலை வெயில் மட்டும். திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். இன்னொன்று, இலைமேல் இருக்கும் வெண்பொடியைத் தூசி என்று துடைக்க வேண்டாம். அது வெயில் தாங்கும் மெழுகு. விரல் பட்டால் அந்த இலை உதிரும்வரை தடம் போகாது.