வினிகர் ஊற்றியும் பருத்தி நூலில் சாயம் நிற்கவில்லை என்றால்

குழந்தைக்குப் பொம்மை பின்ன, பருத்தி நூலை வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றியும் அலசும்போது போய்விடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பருத்தியில் வினிகர் வேலை செய்யாது. நீங்கள் பயன்படுத்தியது அமிலச் சாயம். அது கம்பளி, பட்டு, நைலானுக்கானது. பருத்தியில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு அலசும்போது போய்விடும். அதனால்தான் மூன்றாவது அலசலிலும் தண்ணீர் சிவப்பாகவே வருகிறது. மறுபடி கொதிக்க வைத்தும் பயனில்லை.

பருத்திக்குத் தேவை ரியாக்டிவ் சாயமும் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட் தூள்). சோடா ஆஷின் காரத்தில்தான் அந்தச் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். குளிர்நீர் வகையாக இருந்தால் அடுப்பே வேண்டாம்.

அடுத்த சாயம் வாங்கும் முன் ஒன்று பாருங்கள். பொம்மைக்கென்று விற்கும் 'மில்க் காட்டன்' நூலில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை கலந்திருக்கும். சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்துங்கள்.

1. காகிதம் எரிந்த வாசனை, மெல்லிய சாம்பல்: பருத்தி.
2. முடி கருகிய நாற்றம், தானே அணைந்துவிடும்: கம்பளி.
3. உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டை: அக்ரிலிக், அல்லது அது கலந்தது. அமிலச் சாயம், ரியாக்டிவ் சாயம் இரண்டுமே அக்ரிலிக்கில் ஏறாது. நிறமுள்ள நூலாகவே வாங்கிவிடுங்கள்.

குழந்தை வாயில் வைக்கும் பொம்மை என்கிறீர்கள், அதனால் இதில் அவசரமே வேண்டாம். ரியாக்டிவ் சாயத்திலும் பிடிக்காத மிச்சம் இருக்கும். சுடுநீரில் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். அப்புறம் ஈர நூலை வெள்ளைத் துணியில் சுற்றி ஓரிரவு வையுங்கள். துணியில் கறை தெரிந்தால் இன்னும் அலச வேண்டும். பின்னி, பஞ்சு அடைத்த பிறகு சாயம் பொம்மையின் வெள்ளை நூல் வயிற்றில் இறங்கினால் எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

சாயத்தூளைக் கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம்.