மாரி முகிலும் மழை எச்சரிக்கையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தாழமுக்கச் செய்தி வந்தாலே ஆளுக்கொரு கதை பரவுகிறது. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கல்லடி அக்கா: 100 மில்லிமீற்றர் என்றால் நாலு அங்குலம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

அக்கா, 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால், பீலியால் 9000 லீற்றருக்கு மேல் இறங்கும். 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்பது நிரம்பும். அது உங்கள் ஒரு வீட்டுக் கூரை மட்டும். நம் மணல் நிலம் முதல் மழைகளைக் குடித்துவிடும். கிணற்றுத் தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்த பிறகு பெய்கிற மழைதான் வீட்டுக்குள் வரும். ஆகவே எச்சரிக்கை வந்ததும் முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஐப்பசியில் சமாளித்த அதே 100, மார்கழியில் வேறு மழை.

களுவாஞ்சிக்குடித் தம்பி: எந்த முகில் ஆபத்தானது?

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் மேற்கே கோபுரம்போல எழும்பி, உச்சி தட்டையாக விரிகிற முகில் இடிமுகில். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை செக்கனை எண்ணி மூன்றால் பிரியுங்கள், தூரம் கிலோமீற்றரில் வரும். ஆனால் இடி காதில் விழுந்தாலே வயலை விட்டு எழும்பி வந்துவிட வேண்டும்.

மாரி நடுவில் வானம் முழுக்க ஒரே சாம்பலாக மூடி, இடியில்லாமல் இரவு பகலாகப் பெய்வது படைமுகில். பார்க்கச் சாதுவாக இருக்கும். என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் அதிக வெள்ளம் தருவது அதுதான்.

கிரான் விவசாயி ஒருவர்: இங்கே வெயில், ஆனால் வீதியில் தண்ணீர் ஏறுகிறதே?

ஐயா, அது உங்கள் தலைக்கு மேல் பெய்த மழை இல்லை. மகா ஓயாப் பக்கம் பெய்தது முந்தனையாற்றால் இறங்கி வருகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவித்தலோடு நிற்காமல், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்டத்தையும், உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஓடினால் உழவு இயந்திரம் என்றாலும் இறக்காதீர்கள். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்கள் ஏறிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு உயிர்கள் போனதை அம்பாறை மாவட்டம் மறக்காது. வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அது வரக்கூடாது.

கல்முனை மீனவச் சகோதரர்: காற்றை வைத்துச் சூறாவளியை அறியலாமா நானா?

ஓரளவு. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் சூறாவளியின் மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். வடக்கே இருந்து வீசிய காற்று மேற்கே இருந்து வீசத் தொடங்கினால் மையம் நமக்கு வடக்கால் போகிறது. கிழக்கே இருந்து வீசத் தொடங்கினால் தெற்கால். பலத்த காற்று திடீரென்று அடங்கினால் வெளியே வராதீர்கள், சூறாவளியின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, கடக்கிறது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய 1978 நவம்பர் 23 இரவைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். கடலுக்குப் போவதா என்பதை மட்டும் காற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சிவப்பு அறிவித்தல் இருந்தால் தோணி கரையில்தான்.

அக்கரைப்பற்று ராத்தா: இரவில் யாரிடம் கேட்பது?

அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117. எந்நேரமும் எடுக்கலாம்.